வேண்டாமென்று விட்டுப்போன படங்கள்

நான் கேமராவை நம்பாதவள் என்பது ஊரறிந்த விஷயம். அறியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். மேடை ஒன்று கிடைத்தால் போதும், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேமரா பார்க்கிறது, பென்சில் நினைக்கிறது" என்று ஆரம்பிப்பேன். கைதட்டல் விழும். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் திருதிருவென்று முழித்திருப்பேன்.

அந்த வசனத்தோடு ஒரு கதையும் வரும். எனக்கு ஐந்து வயது. அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒருநாள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே பெரிய விளக்கைப் போட்டுப் படமெடுத்தார். நான் பயந்து அழுதேன். அம்மா என் தோளில் கை வைத்தாள். விளக்கின் சூடு ஒரு பக்கம், அம்மாவின் கை ஒரு பக்கம். அந்தக் கணத்தில் எனக்குள் இருந்த ஓவியர் கண் விழித்தார் என்று முடிப்பேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குள் ஓவியராவது, கண் விழிப்பதாவது. மூக்கு ஒழுகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பேட்டி எடுக்க வருகிறவர்களுக்கு ஒழுகும் மூக்கு போதாது.

அந்தக் காட்சியைத்தான் கரியில், மையில், வண்ணத்தில் என்று மாற்றி மாற்றி வரைந்து பேர் வாங்கினேன். அழுகிற சிறுமி, ஸ்டூல், படத்துக்கு வெளியிலிருந்து நீண்டு வந்து தோளில் படிந்த ஒரு கை. ஆள் தெரியாது, கை மட்டும்தான். ஒரு விமர்சகர் அந்தக் கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அது அதிகாரத்தின் கையாம். அடக்குவதும் அணைப்பதும் ஒரே கைதானாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரல்களைக் கொஞ்சம் குண்டாகப் போட்டுவிட்டாய் என்றாள்.

இப்போது என் நினைவுகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். ஓவியம், புகைப்படம், பால்யம் எல்லாம் கலந்துகட்டி. முதல் அத்தியாயமே அந்த ஸ்டூல் கதைதான். பதிப்பகத்தில் ஒரு எடிட்டர் பெண் இருக்கிறாள். என் மகள் வயது, என்னைவிட வேகம். இடது பக்கம் ஓவியம், வலது பக்கம் அந்த அசல் போட்டோ, இரண்டையும் எதிரெதிரே வைத்தால் வாசகர்கள் அழுதுவிடுவார்கள் என்றாள். கேமராவைத் திட்டும் புத்தகத்தில் போட்டோவா என்று கொள்கை பேசிப் பார்த்தேன். அதில்தான் அழகே இருக்கிறது என்றாள். வாசகர்கள் அழுவார்கள் என்ற ஆசை எனக்கும் இருந்ததால் கொள்கையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒத்துக்கொண்டேன். வார இறுதியில் அச்சுக்குப் போகிறது, அதற்குள் போட்டோ வேண்டும் என்றாள்.

போட்டோ கையில் இல்லை. வீடு மாறும்போது மழையில் நனைந்து ஆல்பம் மொத்தமும் ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டது. நெகட்டிவ் இருக்க வேண்டும். அப்பா ஒரு நெகட்டிவைக்கூடத் தூக்கிப் போட்டவரில்லை. அவர் போன பிறகு ஸ்டுடியோவை அண்ணன் நடத்துகிறான். ஆகவே நான் அண்ணனிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

அண்ணனுக்கு என் கலைமேல் ஒரு மரியாதையும் கிடையாது. என்னை அவன் கூப்பிடுவதே மேதை என்றுதான், அதுவும் கஸ்டமர் முன்னால். என் முதல் கண்காட்சிக்கு வந்தவன் எல்லாப் படங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் உட்கார்ந்து வரைவதற்கு ஒரு போட்டோ எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்குமே என்று கேட்டான். அவன் தொழில் இப்போது பாஸ்போர்ட் படமும், கோப்பையில் முகம் அச்சடித்துக் கொடுப்பதும். காதலர்கள் முகத்தை அச்சடித்துக்கொண்டு போவார்கள். சண்டை வந்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, அந்த முகத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்பார்களாம்.

முன்கடையில் வெள்ளைத் துணியும் குடை விளக்கும். பின்னறை மட்டும் அப்பா விட்டுப்போனபடியே இருந்தது. சுவரோடு சுவராக நெகட்டிவ் பெட்டிகள். ஜன்னலருகே சாய்வான கண்ணாடி வைத்த அவருடைய மேஜை. அதில் உட்கார்ந்துதான் நெகட்டிவின்மேல் பென்சிலால் திருத்துவார். ஊசிபோல் சீவிய பென்சில். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எல்லாம் அவர் கை பட்டால் மாயமாகும். முகத்தை வந்தபடியே வாங்கிக்கொண்டு போன கஸ்டமர் அநேகமாக யாருமில்லை.

அந்த மேஜையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் கேமரா ஒருநாளும் பொய் சொல்லவில்லை. தழும்பை அது தழும்பாகத்தான் எடுத்தது. பொய் சொன்னதெல்லாம் பென்சில். நானோ ஊர் ஊராகப் போய் நேர்மாறாகப் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். போதாததற்கு நான் வரையக் கற்றதே அந்த மேஜைக்குக் கீழேதான். போட்டோ தாளைச் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தை அப்பா கீழே போடுவார். நான் அதில் சாக்பீஸால் கிறுக்குவேன். மேலே அவர் யாரோ ஒருவரின் மூக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார். கீழே நான் சூரியனுக்கு மூக்கு வைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஆல்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற வீட்டு ஆல்பங்களில் அந்தந்த வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். எங்களுடையதில் ஊரார் இருந்தார்கள். கஸ்டமர் வேண்டாமென்று தள்ளிவிட்டுப்போன படங்களைக் கிழித்துப்போட அப்பாவுக்கு மனசு வராது. நல்ல தாள், தன் உழைப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார். சரியான சமயத்தில் கண்ணை மூடிக்கொண்ட புதுமாப்பிள்ளை, தும்மலைப் பாதியில் அடக்கிய போலீஸ்காரர், வாயைத் திறந்தபடி ஒரு வக்கீல், எல்லோரும் நேரே பார்க்க ஒருத்தி மட்டும் வேறெங்கோ பார்க்கும் குடும்பம். நானும் அண்ணனும் இவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தே வளர்ந்தோம். அதில் ஒருவரை வெகுகாலம் என் சித்தப்பா என்றே நினைத்திருந்தேன். அவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஸ்டூலில் அழும் சிறுமியின் படமும் இருந்தது. தோளில் இருந்தது அம்மாவின் கை. எந்தக் கூட்டத்திலும் அந்தக் கையை என்னால் அடையாளம் சொல்ல முடியும். அம்மாவின் கை யார் தோளில் இருக்கும்? என் தோளில்தான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

அண்ணன் பெட்டிகளை இறக்கி, நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். தூசியில் இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். கடைசியில், "இந்தா மேதை, உன் பொக்கிஷம்" என்று ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்தான். கம்ப்யூட்டர் திரையில் படம் மெல்ல விழுந்தது.

ஆல்பத்தில் இருந்ததைவிடப் பெரிய படமாக இருந்தது. அப்பா எடுக்கும்போது சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுப்பார். பிரிண்ட் போடும்போது தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார். வெட்டாத முழுப் படத்தை இப்போதுதான் பார்க்கிறேன். இடது ஓரத்தில் அம்மா. விளக்கு வெளிச்சத்தில் படாமல் உடம்பை வளைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டியிருந்தாள். இளமையாக, ஒல்லியாக, என்னைவிட மிகச் சின்னவளாக இருந்தாள். நடுவில் ஸ்டூலில் அழும் சிறுமி. வலது ஓரத்தில் இருட்டறைக்குப் போகும் வழியில் ஒரு துணித்திரை. திரைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள், செருப்பில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

அது யார் என்று அண்ணனைக் கேட்டேன்.

"நீதான்."

"நான்தான் ஸ்டூல்ல இருக்கேனே."

"ஸ்டூல்ல இருக்கறது பல் டாக்டர் பொண்ணு" என்றான், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கன்னத்தைப் பார், நெற்றியைப் பார் என்று கம்ப்யூட்டரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். எந்தக் குழந்தைக்கும் கன்னமும் நெற்றியும் இருக்கத்தான் செய்யும் என்றான். அப்படியானால் அம்மாவின் கை எப்படி அங்கே வந்தது என்று கேட்டேன். அவன் அந்தப் பெட்டியிலிருந்த மற்ற நெகட்டிவ்களை விளக்குப் பெட்டியின்மேல் சீட்டு போடுவதுபோல் பரப்பினான்.

எல்லாம் குழந்தைகள். எல்லாவற்றிலும் அந்தக் கை. ஒரு குழந்தையின் முதுகுக்குப் பின்னால், இன்னொன்றின் அக்குளில், மற்றொன்றின் முழங்காலைப் பிடித்தபடி. நெகட்டிவில் கறுப்பாகத் தெரிந்தது, ஆனாலும் அம்மாவின் கைதான். விளக்கைக் கண்டு மிரளும் பிள்ளைகள் ஆடாமல் இருக்க அம்மா பிடித்துக்கொள்வாள். பிரிண்டில் அப்பா கையை வெட்டிவிடுவார், வெட்ட முடியாததைப் பென்சிலால் மறைத்துவிடுவார். இந்தப் படத்தில் கை வசமாகத் தோளில் விழுந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுமூஞ்சிப் படம், அதிலும் யாரோ ஒரு பெண்ணின் கை. பல் டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதனால் ஆல்பத்துக்கு வந்தது. வேண்டாத படத்தில் இருந்த பிள்ளையை நான் என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்து ஒரு ஆயுளையே ஓட்டியிருக்கிறேன்.

"என் படம் ஒண்ணுகூடவா இல்ல?"

"ஸ்கூல் குரூப் போட்டோ இருக்கும். நம்ம பிள்ளைங்கதானே, எப்ப வேணா எடுத்துக்கலாம்னு அப்பா சொல்லிட்டே இருப்பார்" என்றான் அண்ணன். "எனக்கும்தான் இல்ல. நான் அதை வச்சு மேடையேறல."

இவ்வளவு நாள் தெரிந்துகொண்டே ஏன் சும்மா இருந்தாய் என்று கத்தினேன். அவன் உண்மையிலேயே யோசித்துவிட்டு, "நீ சொல்றதெல்லாம் கலைன்னு நினைச்சேன்" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் குத்தியது.

அம்மா மாடியில் இருந்தாள். பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியை, அடியில் தலைகீழாக அச்சிட்ட விடைகளைப் பார்த்துப் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தாள். இப்படி நிரப்பிவிட்டு, இன்றைக்குச் சுலபமாக இருந்தது என்று எல்லோரிடமும் சொல்வாள். நான் செல்போனில் அந்தப் படத்தை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். பல் டாக்டர் பெண் என்று உடனே சொன்னாள். பிறகு ஓரத்தில் தன்னைப் பார்த்ததும், இவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன் என்று சந்தோஷப்பட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஒவ்வொரு கூட்டத்திலும் இவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ஸ்டூல் கதை வரும்போது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள். என்னைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், அன்றைக்கு நான் அழுத அழுகை நிற்கவே இல்லை என்று கேமராவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அதைப் பார்த்து எத்தனை பேர் கண் கலங்கினார்கள். பெற்ற தாயே இப்படிப் பொய் சாட்சி சொல்லலாமா என்று கேட்டேன்.

அம்மா பேனாவை மூடி வைத்தாள். "என்ன பொய்? நீ அழத்தானே செஞ்சே. திரைக்குப் பின்னாடி நின்னு அழுதே. அவ விளக்கைப் பார்த்து அழுதா. நீ எதுக்கு அழுதேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

உடனே என்னிடமிருந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதைக் கேட்டது ஐம்பது வயதைத் தாண்டிய ஓவியர் இல்லை.

"தெரிஞ்சும் ஏன் வரல?"

"கையை எடுத்தா அந்தப் பொண்ணு ஆடிடுவா. ஃபிலிம் போயிடும், அப்பா கத்துவார். அவ எழுந்ததும் அடுத்த பிள்ளை வந்து உட்கார்ந்துச்சு" என்றாள் அம்மா. "அப்புறம் நான் வந்து பார்க்கறப்ப நீ மேஜைக்குக் கீழே படம் போட்டுட்டு இருந்தே."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கோபத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது. நான் அந்தப் படத்தை முதல்முதலாக வரைந்து கொண்டுவந்து காட்டிய அன்றே, இது நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊர் முன்னால் இப்படிக் கோமாளியாகியிருக்க மாட்டேனே என்றேன்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள். "நீ அதுல உன் தோள்ல என் கையை வச்சிருந்தே. நிஜத்துல எனக்கு வைக்க நேரம் கிடைக்கல. நீயா வச்சுக்கிட்டதை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. ஒவ்வொரு தடவையும் நீ அதை மேடையில சொல்றப்ப, வச்ச மாதிரியே இருக்கும். அதைக் கேக்கத்தான் முதல் வரிசையில வந்து உட்காருவேன்."

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து கட்டங்களுக்குத் திரும்பிவிட்டாள். சின்னக் கை, இப்போது தோல் சுருங்கி நரம்பு ஓடியிருந்தது. ஊரில் பாதிப் பேரைச் சின்ன வயதில் ஆடாமல் பிடித்த கை. அதை எடுத்து என் தோளில் வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால், கீழே போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே அண்ணன் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், வலது பக்கத்தைக் கொஞ்சம் வெட்டினால் கால்கள் போய்விடும், இடது பக்கத்தை வெட்டினால் அம்மாவின் உடம்பு போய்விடும், மிச்சம் இருப்பது என் புத்தகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்றான். வெட்டிக் காட்டவும் செய்தான். அழும் சிறுமி, ஸ்டூல், தோளில் கை. என் ஓவியத்துக்கும் இதற்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. பல் டாக்டரின் மகள் எந்த ஊரில் இருக்கிறாளோ, பேரன் பேத்தி எடுத்திருப்பாள். தன் சின்ன வயது முகம் அவளுக்கே அடையாளம் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியவில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்.

கொஞ்ச நேரம் அந்த வெட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப அழகாகத்தான் இருந்தது. வெட்டினதை எடுத்துவிட்டு முழுசாகவே அனுப்பச் சொன்னேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மேதை என்று கூப்பிடாமல் அனுப்பினான்.

எடிட்டரிடமிருந்து உடனே போன் வந்தது. படம் அபாரமாக இருக்கிறது, ஆனால் ஓரங்களில் ஏதேதோ தெரிகிறது, எங்கள் டிசைனர் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். ஸ்டூலில் இருப்பது நானில்லை என்பதையும் சொன்னேன்.

"மேடம், அப்ப முதல் அத்தியாயம்?"

அதைத் திருப்பி எழுதித் தருகிறேன், இரண்டு நாள் போதும் என்றேன். இதனால் என் பேர் கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டாள். நல்ல பெண். பேரைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், படத்துக்குக் கீழே போட வேண்டியதை முதலில் எழுதிக்கொள் என்றேன். கல்யாண கோஷ்டிப் படங்களுக்குப் போடுவதைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்:

"இடமிருந்து வலம்: என் அம்மா, பல் டாக்டரின் மகள், திரைக்குப் பின்னால் நான்."